அச்சுவேலிப் பந்தலைத் தாண்டி

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், அல்லது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள். நான் போனது இரண்டு சைக்கிள் சக்கரங்களைக் கொடுத்துவிட்டு வர. பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சைக்கிள் கடை உண்டு. பந்தயச் சைக்கிளுக்குக் கையால் சக்கரம் கட்டித் தருவேன். குருநகரிலிருந்து ஜெனிற்றா என்ற பெண் போனில் பேசி ஒரு சோடி கேட்டிருந்தாள். பார்சலில் போட்டால் பந்தயம் முடிந்து பரிசு கொடுத்து ஊர் கலைந்த பிறகுதான் போய்ச் சேரும் என்று தெரிந்தது. "நானே கொண்டுட்டு வாரேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு சக்கரத்தைக் குடுக்கதுக்கு ஒரு மனுசன் கடல் தாண்டிப் போவானா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளிடம் சொல்லாத பதில் ஒன்று என்னிடம் இருந்தது. இத்தனை வருடம் சக்கரம் கட்டுகிறேன், ஒரு பெரிய பந்தயம்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் பொங்கல் பந்தயத்தோடு சரி. ஜெனிற்றா சொன்ன விஷயம் வேறு மாதிரி இருந்தது. வட மாகாணத்துப் பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு தேர்வுப் பந்தயம் நடக்கிறது. அதில் முதலில் வரும் மூன்று பேருக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் வாங்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற அணிகளோடு ஒரே கோட்டில் நின்று புறப்பட இடம் கிடைக்கும். அந்தப் பெரிய பந்தயத்தின் கடைசி நாள் இந்த முறை யாழ்ப்பாணத்தில். என் சக்கரம் அந்தக் கூட்டத்துக்குள் உருளுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் குறைவு, அப்படி ஒரு ஏக்கம்.

குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டினார். "எந்த ஊர்?" என்றார். திருநெல்வேலி என்றேன். "எங்கை தங்கப் போறியள்?" என்றார். திருநெல்வேலி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையும் என் இரு தோளிலும் கயிற்றில் தொங்கிய சக்கரங்களையும் ஒரு நிமிடம் பார்த்தார்.

"அப்ப ஏன் அண்ணை வெளிக்கிட்டனியள்?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தாமிரபரணியும் கிடையாது, அல்வாவும் கிடையாது. பல்கலைக்கழகம் இருக்கிறது, அதைச் சுற்றி மாணவர்கள் வாடகைக்கு எடுத்த அறைகள் இருக்கின்றன. சந்தை இருக்கிறது, பலாலி வீதி நெடுக மினிபஸ் இருக்கிறது. அந்த மினிபஸ்ஸில் நான் ஏறியபோது நிற்கவே இடமில்லை. கண்டக்டர் சக்கரங்களை ஒரு பார்வை பார்த்தான். "சைக்கிளின்ரை மிச்சம் எங்கை அண்ணை, பின்னாலை வருதோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டையும் கயிற்றோடு எடுத்து என் கழுத்தில் மாலை மாதிரி போட்டான். ஒரு மாணவி ரிம்மின் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வந்தாள். நான் இறங்க வேண்டிய இடத்தில், "ஐயா, இந்தப் பக்கம் முடியும்வரைக்கும் இறங்காதேங்கோ" என்றாள். அவள் படித்து முடிப்பதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது. திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை அறைக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வைக்கிற விருந்து. அதற்கு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் தனியாக வேண்டும். இங்கே அதைச் சட்டைக்குப் பட்டன் மாதிரி தினமும் காலையில் போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணமே இல்லாமல் சொதி சாப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னேன்.

ஜெனிற்றாவின் வீடு குருநகரில், கடலுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில். முப்பது வயது இருக்கும். ஒல்லி. விரல்கள் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டு. நண்டு பதனிடுகிற இடத்தில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை அவளுக்கு. தகப்பன் இல்லை. அண்ணன் அன்ரன் தொழிலுக்குப் போகிறான். தொழில் என்றால் அங்கே கடல்தான், வேறு விளக்கம் தேவையில்லை. தாய் றீற்றாம்மா என்னைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, நான் யார் என்று கேட்பதற்கு முன் ஒடியல் கூழைக் கையில் கொடுத்துவிட்டார்.

நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் அதில் கிடந்தன. பனங்கிழங்கு மாவில் கெட்டியாகி, உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. குடிப்பதா சாப்பிடுவதா என்று தெரியாமல் நான் கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருந்தேன். "உறைக்குதோ?" என்றார் றீற்றாம்மா. இல்லை என்று தலையாட்டினேன். அதை அவர் இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

ஜெனிற்றா இதற்குள் சக்கரங்களைக் கையில் எடுத்திருந்தாள். அவர்கள் ஊரில் அதற்குச் சில்லு என்று பெயர். முன்சில்லை அச்சில் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். அது நிற்கும்வரை காதை எடுக்கவில்லை.

"சத்தமே இல்லை," என்றாள் அண்ணனிடம்.

"உனக்கு இனிச் சாட்டுச் சொல்ல ஒண்டும் இல்லை," என்றான் அன்ரன்.

அவள் இரண்டு தடவை தேர்வில் நான்காவதாக வந்தவள். முன்பு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மட்டும் தனியாகத் தேர்வு நடந்தபோது வந்தது. அதற்குப் பிறகு நான்கு என்ற எண்ணைக் கேட்டாலே அவளுக்குக் கோபம் வரும் என்று அன்ரன் என்னிடம் தனியாகச் சொன்னான். இந்த வருடம் விட்டால் இனி இல்லை என்பதையும் அவன்தான் சொன்னான். அவளுக்குப் பிரான்சில் இருக்கிற பையனோடு எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்துவிட்டது. விசா வந்ததும் போக வேண்டும். மாப்பிள்ளை நல்லவர். சைக்கிள் அங்கேயும் ஓடலாம் என்று சொல்லியிருக்கிறாராம். "அங்கை போய் ஆரோடை ஓடுறது? பிள்ளை பெத்து, வேலைக்குப் போய், குளிருக்கை எங்கை ஓடுறது?" என்றான் அன்ரன்.

அடுத்த நாள் விடியற்காலையில் பண்ணைப் பாலத்துக்குப் போனோம். வேலைக்குப் போவதற்கு முன் அவள் பழகுகிற இடம் அது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவில் நேரான தார்ச்சாலை. சோளகக் காற்று வீசுகிற மாதம். தென்மேற்கிலிருந்து நிறுத்தாமல் அடித்தது. என் வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே எனக்கு இரண்டு கை போதவில்லை. அவள் அந்தக் காற்றுக்கு எதிராகக் குனிந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள்.

மூச்சு வாங்கக் கல்லில் உட்கார்ந்தபோது சொன்னாள்.

"நான் எப்பவும் தனியத்தான் அண்ணை ஓடுறன். இந்தக் காத்தை நான் தனியத்தான் சாப்பிடுறன். பெரிய ஓட்டத்திலை அப்பிடி இல்லையாம். நூறு பேர் ஒண்டாப் போகேக்கை நடுவுக்கை இருக்கிறவைக்குக் காத்தே இராதாம். சும்மா காலை ஆட்டினாலே இழுத்துக்கொண்டு போயிடுமாம். உண்மையோ?"

நான் சக்கரம் கட்டுகிறவன், அந்த நடுவுக்குள் நான் போனதில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

"எனக்கு வெல்ல வேண்டாம். அவளவை சம்பளத்துக்கு ஓடுறவளவை, என்னெண்டு வெல்லுறது? ஒருக்கா அதுக்குள்ளை இருந்து பாக்கோணும். ஒரு பத்து நிமிசம் போதும். பிறகு அவளவை என்னை விட்டிட்டுப் போகட்டும்."

எனக்கு அந்தப் பத்து நிமிடத்தை எப்படியாவது அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது. அப்படிக் கொடுக்க முடிந்த பொருளா அது? எழுந்து அவளுடைய பின்சக்கரத்தில் இரண்டு கம்பியை இறுக்கிவிட்டேன். இறுக்கத் தேவையே இருக்கவில்லை.

வியாழக்கிழமை பாதையைப் பார்க்கப் போனோம். அவள் சைக்கிளில், நானும் அன்ரனும் பின்னால் மோட்டார்சைக்கிளில். திருநெல்வேலியில் புறப்பட்டுப் பலாலி வீதியால் வடக்கே போய், மயிலிட்டித் துறைமுகத்தில் கடலைப் பார்த்துவிட்டு, அச்சுவேலி வழியாகத் திரும்பித் திருநெல்வேலியிலேயே முடிகிற பாதை. மயிலிட்டியில் கூரையில்லாத பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீட்டுக்குச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் வலை காய்ந்தது. ஒருவர் அன்ரனைக் கண்டு, "குருநகர்க்காரருக்கு மீன் காணாமலோ இஞ்சை வந்தனியள்?" என்று வம்புக்கு இழுத்தார். அன்ரன் சிரித்தான், வண்டியை நிறுத்தவில்லை.

அச்சுவேலியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம். எங்கள் பக்கத்துச் செம்மண் தேரி மணல், காலை வைத்தால் சுடும். இங்கே நனைத்து நனைத்துக் கிண்டிக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஜெனிற்றாவைக் கண்டதும் எழுந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். பாக்கியம் என்று பெயர். ஜெனிற்றா அவரை மாமி என்று கூப்பிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குத் தேசிக்காய் சொல்லி வைச்சிருக்கிறன். சீனி கூடவோ குறையவோ?"

"காணுமானளவு போடுங்கோ மாமி."

எனக்கு விளங்கவில்லை. அன்ரன் விளக்கினான். சில வருடத்துக்கு முன் இந்தப் பந்தயத்தில் ஒரு பெண் வெயிலில் மயங்கி இந்த இடத்தில் விழுந்துவிட்டாள். தோட்டத்தில் நின்ற பெண்கள்தான் தூக்கித் தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து, கோயில் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி, பந்தயத்துக்கும் தண்ணீர்ப் பந்தல் போட ஆரம்பித்தார்கள். ஓடுகிற பெண்கள் எல்லாரும் அங்கே இறங்கி, ஆளுக்கு ஒரு தம்ளர் தேசிக்காய்த் தண்ணீர், எங்கள் ஊர் எலுமிச்சைச் சாறு, குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

"பந்தயத்திலயா?" என்றேன்.

"ஓம். பந்தலடியிலை ஒருத்தரும் ஒருத்தரையும் முந்திறேல்லை. முதல் வந்தவள் முதல் குடிச்சு முதல் வெளிக்கிடுவாள். பின்னாலை வாறவள் தானும் நிண்டு குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடோணும். ஆர் சொன்னது எண்டு இல்லை. அப்பிடித்தான்."

சைக்கிள் பந்தயத்தில் நின்று தண்ணீர் குடிக்கிறதை நான் கேள்விப்பட்டதில்லை. சிரித்துவிட்டேன். "நிக்காம போனா என்னம்மா?" என்று ஜெனிற்றாவிடம் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மாமியவை விடிய எழும்பிப் பிழிஞ்சு வைச்சுக்கொண்டு வெயிலுக்கை நிக்கினம். கை நீட்டினவையைத் தாண்டிப் போறதோ?"

 பாக்கியம் எனக்கு ஒரு பை நிறைய பீற்றூட் கொடுத்தார். மோட்டார்சைக்கிளில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் என் வேட்டி சிவந்து, திருநெல்வேலிச் சந்தியில் இரண்டு பேர் விபத்தா என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கோட்டில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு ஆஸ்பத்திரித் தாதி, இரண்டு பிள்ளைக்குத் தாயான ஒருத்தி. சிலருக்குப் பந்தயச் சைக்கிள், சிலருக்கு மட்கார்டைக் கழற்றிய சாதாரணச் சைக்கிள். கிளிநொச்சி, வவுனியா, மன்னார், முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் இந்தப் பாதையில் ஓடுவது இதுதான் முதல் தடவை. அது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

வெடி போட்டதும் கூட்டம் பலாலி வீதியில் பாய்ந்தது. நானும் அன்ரனும் பின்னால். மயிலிட்டி வரை காற்று முதுகில் இருந்ததால் எல்லாரும் ஒன்றாகவே போனார்கள். துறைமுகத்தில் திரும்பியதும் காற்று மாறியது, கூட்டம் பிய்ந்தது. மூன்று பேர் முன்னால் போய்விட்டார்கள். ஜெனிற்றா, பருத்தித்துறைப் பெண் ஒருத்தி, சாவகச்சேரியிலிருந்து வந்த சுபா. மூவரும் பழக்கமானவர்கள், மாறி மாறி முன்னால் வந்து காற்றை வாங்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு வயல் இடைவெளி. மூன்று இடம், மூன்று பேர். அன்ரன் ஓட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "முடிஞ்சுது அண்ணை" என்றான்.  நான் அவன் தோளைப் பிடித்து அழுத்தினேன். சாலையைப் பார் என்றும் சொன்னேன், எதிரில் லாரி வந்தது.

அச்சுவேலி தாண்டிப் பந்தல் தெரிந்தது. நான்கு கம்பு, மேலே தென்னங்கிடுகு, தோரணம், ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு. மூன்று பேரும் பிரேக் பிடித்து இறங்கினார்கள். பாக்கியமும் இன்னும் சில பெண்களும் எவர்சில்வர் தம்ளர்களை நீட்டினார்கள். "ஆறுதலாக் குடி பிள்ளை, புரைக்கேறும்," என்று யாரோ சொன்னார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. உண்மையில் அருமையான தண்ணீர்.

அப்போது பின்னால் வந்த நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். குடாநாட்டுப் பெண்கள் வழக்கம்போல இறங்கினார்கள். ஒருத்தி இறங்கவில்லை. முல்லைத்தீவுக் கஜனி. பத்தொன்பது வயதுப் பெண், அன்றைக்கு முன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பாக்கியம் அவளுக்கும் தம்ளரை நீட்டினார். அவள் மரியாதையாகத் தலையை ஆட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே போனாள். நின்றவர்களைப் பார்த்த அவள் முகத்தில், பாவம், இவ்வளவு தாகமா என்கிற இரக்கம் மட்டும்தான் இருந்தது.

 ஜெனிற்றா வாயில் தம்ளரோடு அவள் போவதைப் பார்த்தாள். பிறகு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மற்ற இருவரும் தம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்கள். ஜெனிற்றா எறியவில்லை. மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றி, பாக்கியத்தின் கையைத் தேடித் தம்ளரைக் கொடுத்துவிட்டு ஏறினாள். வீட்டில் வளர்த்த வளர்ப்பு, கை அதுவாகச் செய்தது. அவ்வளவு நேரத்தில் அந்த இருவரும் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒருத்தியாகச் சேர்ந்துவிட்டார்கள்.

திருநெல்வேலி வரை எதிர்க்காற்று. முன்னால் கஜனி, அவளை எட்டிப் பிடிக்கிற இருவர், அவர்களுக்குப் பின்னால் தனியாக ஜெனிற்றா. அன்ரன் கத்தினான், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டான். அவள் எவ்வளவு மிதித்தாலும் இடைவெளி மூடவில்லை. நான் கட்டிய சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான்காவதாக வந்தாள்.

அன்ரன் நேரே அதிகாரிகளின் மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்தான். ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, பந்தலைப் பற்றி எங்கடை விதியிலை ஒண்டும் இல்லை. நிக்கச் சொல்லியும் இல்லை, நிக்க வேண்டாம் எண்டும் இல்லை," என்றார். அதுவும் உண்மைதான். கஜனிக்கு விஷயம் அதற்குள் தெரிந்து, அழுதுகொண்டே ஜெனிற்றாவிடம் வந்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நிண்டிருப்பன்."

"நீ ஒரு பிழையும் விடேல்லை. அழாதை. போய்ச் சாப்பிடு," என்றாள் ஜெனிற்றா. குரல் சாதாரணமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தலின் மூடியை மட்டும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வீட்டுக்குப் போய்ப் பாண் ரொட்டியும் சம்பலும் முன்னால் வைத்தபோதுதான் அழுதாள். "எனக்குப் போகோணும் அண்ணை. எல்லாருக்கும் பறவாயில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். பறவாயில்லை இல்லை. எனக்குப் போகோணும்." றீற்றாம்மா மகளின் தலையில் கை வைத்தபடி நின்றார். நான் பாணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

அந்த வாரம் நான் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். கொண்டுவந்த சக்கரத்தைக் கொடுத்தாகிவிட்டது. மனைவி போனில், "என்ன, சக்கரத்தை உருட்டிக்கிட்டே வாரீகளா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கீரிமலைக்குப் போய்க் குளித்தேன், சந்தையில் மாம்பழம் வாங்கினேன், பருத்தித்துறையில் தட்டைவடை தின்றேன். எதைச் செய்தாலும் மனது பண்ணைப் பாலத்துக்கே போய் நின்றது. ஒரு காலையில் சும்மா போய்ப் பார்த்தேன். காற்று இருந்தது. அவள் வரவில்லை.

நடுவில் அன்ரன் ஒரு யோசனை சொன்னான். கஜனியின் சைக்கிளில் இருப்பது பழைய சில்லு, புதியதை ஒரு நாளைக்குக் கடன் கொடுத்தால் என்ன என்று கேட்டான். எனக்கு உள்ளூர ஆசை துள்ளியது, என் சக்கரமாவது போகுமே. ஜெனிற்றா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இடம் போயிட்டுது. சில்லையும் குடுக்கோணுமோ? குடுக்க மாட்டன்."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. அன்ரன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாக்கியம் அச்சுவேலியிலிருந்து பஸ் ஏறிக் குருநகருக்கே வந்துவிட்டார். கையில் கத்தரிக்காய்ப் பை. அன்று அவருக்குச் சைவம். வீடு முழுக்க மீன் வாசம். றீற்றாம்மா தடுமாறிப்போய், ஒரு பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவி, பனங்கட்டியோடு வெறும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பாக்கியம் அதைக் குடித்து முடிக்கும்வரை றீற்றாம்மா உட்காரவில்லை.

"எங்களாலை தான் பிள்ளைக்கு இப்பிடி வந்தது," என்றார் பாக்கியம். "நாங்கள் எல்லாரும் கதைச்சனாங்கள். இனிப் பந்தல் போடுறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ மாமி," என்றாள் ஜெனிற்றா. "போடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஓட்டம் அதாலை தானே போகுது. பாக்க வாற சனத்துக்குத் தண்ணி வேண்டாமோ?"

"அந்தத் தம்ளரை எறிஞ்சிட்டுப் போயிருக்கலாமே பிள்ளை. ஒரு தம்ளர். எங்களுக்கு அது ஒரு பொருட்டோ?"

ஜெனிற்றா கத்தரிக்காய்ப் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். "நானும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைக்கிறன்," என்றாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிற வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். காலையில் அறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணை, போவமே?" அன்ரனோடு சேர்ந்து மூன்று பேரும் அச்சுவேலிக்குப் போனோம். பந்தல் சாலையை விட்டு உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தது. யாருக்கும் நீட்டக்கூடாது, கேட்டால் மட்டும் கொடுப்பது என்று பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஜெனிற்றாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேசிக்காய் வெட்டினாள்.

முதலில் மோட்டார்சைக்கிள்கள் வந்தன, பிறகு ஒரு கார். அதற்குப் பிறகு ஒரு இரைச்சல் கேட்டது. மழை தூரத்தில் தகரக் கூரையில் விழுகிற மாதிரி. கூட்டம் வளைவில் தெரிந்தது, தெரிந்த கையோடு எங்கள் முன்னால் வந்தது, போயும் விட்டது. தோரணம் முறுக்கிக்கொண்டது, சேலைகள் ஒரு பக்கம் இழுத்தன. ஒரு முகம்கூட எனக்குத் தனியாகத் தெரியவில்லை. சக்கரம் சக்கரமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் எப்படித்தான் போகிறார்களோ. இவ்வளவு வருடம் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டேன். அது முடிந்துபோன பிறகுதான் பார்த்தேன் என்பதே புரிந்தது.

"இவ்வளவு தானோ?" என்றார் பாக்கியம்.

"சுபா நடுவுக்கை இருக்கிறாள்," என்றாள் ஜெனிற்றா. அவள் மட்டும் பார்த்திருந்தாள். "வடிவா இருக்கிறாள். தலையைக் கூட நிமித்தேல்லை." சொல்லும்போது அவள் கை தானாகச் சைக்கிளின் கைபிடியைப் பிடிப்பது போல மடங்கியிருந்தது. கையில் இருந்தது பாதித் தேசிக்காய்.

சனம் கலையத் தொடங்கியது. நாங்கள் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது வளைவில் தனியாக ஒரு சைக்கிள் வந்தது. கஜனி. கூட்டம் அவளை எங்கேயோ கழற்றிவிட்டிருந்தது. முகம் முழுக்க உப்பும் தூசியும். பந்தலைக் கண்டதும், அதன் பக்கத்தில் ஜெனிற்றா நிற்பதைக் கண்டதும், மிதிப்பதை விட்டுவிட்டாள். கை பிரேக்குக்குப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை நிற்காததற்கு இன்றைக்கு நிற்கப் போகிறாள் என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. பாக்கியம்கூடத் தன்னை அறியாமல் ஒரு தம்ளரை எடுத்துவிட்டார்.

ஜெனிற்றா சாலைக்கு ஓடினாள்.

"நில்லாதை. கஜனி, நில்லாதை. ஓடு."

"அக்கா..."

"ஓடடி. பிறகு குடிக்கலாம்."

சொல்லிக்கொண்டே அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே கூட ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போனது, சேலை அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அப்படித் தள்ளுவது விதிக்குப் புறம்பு. பார்ப்பதற்குத்தான் அங்கே அதிகாரிகள் யாரும் மிச்சம் இல்லை. கஜனி எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தாள். கை முதுகை விட்டது. அதற்குப் பிறகும் ஜெனிற்றா கொஞ்சத் தூரம் சும்மா ஓடினாள், பிறகு நின்றாள்.

நான் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கவில்லை. கஜனி மறைந்த திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று எதிரில் இருந்துதான் அடித்தது.

"பிடிச்சிடுவாள், என்ன அண்ணை?"

கூட்டத்தை ஒருமுறை தவறவிட்ட ஒருத்தி அந்தக் காற்றில் தனியாக அதை மறுபடி பிடிப்பது நடக்காது. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பிடிச்சிருவாம்மா," என்றேன்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது," என்றாள். கண்ணைத் திருப்பவில்லை. "எண்டாலும் இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.